அண்ணன் போட்ட கையெழுத்து

கேள்வி: அம்மா தனியார் மருத்துவமனையில் ஐசியூவில் வென்டிலேட்டரில் இருந்தார். எங்களை உள்ளே விடவில்லை, யாரும் சரியாகப் பேசவும் இல்லை. ஒரு நாள் டாக்டர், "இனிப் பயனில்லை, வீட்டுக்கு அழைத்துப் போங்கள்" என்றார். அண்ணன் கையெழுத்துப் போட்டார். ஆம்புலன்ஸிலேயே அம்மாவின் உயிர் பிரிந்தது. டிஸ்சார்ஜ் சம்மரியிலோ, "மருத்துவ ஆலோசனையை மீறி உறவினர்கள் அழைத்துச் சென்றனர்" என்று இருக்கிறது. வழக்குத் தொடரலாமா?

பதில்: உள்ளே விடாததும் முகம் கொடுத்துப் பேசாததும் மனதை அறுக்கும். ஆனால் அவற்றை வைத்து வழக்கு நடத்த முடியாது. சிகிச்சை பலனளிக்காமல் போனதே அலட்சியத்துக்குச் சான்று ஆகாது என்று 2005இல் ஜேக்கப் மேத்யூ வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. மிஞ்சுவது டிஸ்சார்ஜ் சம்மரியில் உள்ள அந்த ஒரு வரிதான்: அழைத்துப் போகச் சொன்னது யார்?

பயனில்லை என்று டாக்டர் கருதினால் அதற்கு முறை இருக்கிறது. உச்ச நீதிமன்றம் 2018இல் வகுத்து, 2023இல் எளிமையாக்கியது. இரண்டு மருத்துவக் குழுக்கள் பரிசீலித்து, குடும்பத்தின் சம்மதம் பெற்று, மாஜிஸ்திரேட்டுக்குத் தெரிவித்த பிறகே உயிர்காக்கும் கருவியை விலக்கலாம். இந்த அலைச்சல் வேண்டாமென்று உறவினரிடம் கையெழுத்து வாங்கி அனுப்பிவிடுவதை நான் அடிக்கடி பார்க்கிறேன். அது நியாயமே இல்லை. ஆனாலும் டாக்டர் வாயால் சொன்னதற்குச் சாட்சி கிடையாது, அண்ணனின் கையெழுத்து காகிதத்தில் இருக்கிறது.

இதில்தான் குடும்பங்கள் சிக்குகின்றன. எதிர்த்தரப்பின் முதல் கேள்வியே அண்ணனுக்குத்தான்: "படித்துத்தானே கையெழுத்துப் போட்டீர்கள்?" வழக்கு மருத்துவமனையை விட்டுவிட்டு அவர் பக்கம் திரும்பிவிடும். "செலவுக்குப் பயந்து தாயைச் சாக விட்டார்" என்றுகூட எழுதுவார்கள். பிரேதப் பரிசோதனையும் நடந்திராது. "நாங்களே முடிவெடுத்துக் கூட்டி வந்துவிட்டோம்" என்று சொந்தக்காரர்களுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிய செய்தி இருந்தால் அதுவும் எதிரே வந்து நிற்கும். வழக்கு முடிவதற்குள் அண்ணன் தங்கை பேச்சுவார்த்தை அற்றுப்போன வீடுகள் எனக்குத் தெரியும்.

ஆகவே நோட்டீஸ் அனுப்பும் முன் முழு கேஸ் ஷீட்டையும் எழுத்துமூலம் கேளுங்கள். 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும். கடைசி இரண்டு நாள் குறிப்புகளில் "பிழைக்க வாய்ப்பில்லை என உறவினரிடம் விளக்கப்பட்டது" என்று டாக்டரே எழுதியிருந்தால், ஆலோசனையை மீறிய கதை அங்கேயே உடைகிறது. அதனுடன், காப்பாற்றியிருக்கலாம் என்று தீவிர சிகிச்சை நிபுணர் ஒருவர் எழுத்தில் தந்தால் நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். கெடு இரண்டு ஆண்டுகள்.

குறிப்பு மட்டும் இருந்து நிபுணர் கருத்து கிடைக்காவிட்டால், கட்டணத்தில் ஒரு பகுதியைத் திரும்பப் பெற்றுச் சமரசமாக முடியுங்கள். இரண்டுமே இல்லையென்றால் வழக்கு வேண்டாம். எந்தப் பக்கம் முடிவெடுத்தாலும் அண்ணனைக் கலக்காமல் எடுக்காதீர்கள்.