தாத்தாவின் தந்தச் சீப்பை அறுக்கலாமா?

மதுரையிலிருந்து ஒரு வாசகி கேட்கிறார்: “வீட்டிலேயே வெள்ளி நகை செய்கிறேன். ஒருவர் பழைய தந்தப் பதக்கத்தின் படத்தைக் காட்டி, அதேபோல் தாமரைப் பதக்கம் கேட்கிறார். தாத்தா காலத்துத் தந்தச் சீப்பு ஒன்று உடைந்து கிடக்கிறது. அதை அறுத்துச் செய்யலாமா? கூடாதென்றால் வேறு எதில் செய்வது?”

சீப்பில் ரம்பம் வைக்காதீர்கள். வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் 1986 திருத்தம் இந்திய யானைத் தந்த வியாபாரத்தையும், 1991 திருத்தம் ஆப்பிரிக்கத் தந்த வியாபாரத்தையும் நிறுத்திவிட்டன. பழைய பொருள் என்பதற்காக விற்பனைக்குச் சலுகை கிடையாது. வைத்திருப்பதற்கே உரிமைச் சான்றிதழ் வேண்டும். அது இல்லையென்றால் ஒரு வக்கீலிடம் கேட்டுக்கொள்ளுங்கள். காட்டில் உதிர்ந்து கிடந்தது என்று யாராவது மான் கொம்பு கொடுத்தால் அதையும் வாங்க வேண்டாம்.

சரி, எதில் செய்வது? ரெசின் அச்சில் வார்க்க நல்லது. உளி வைத்துச் செதுக்கினால் அதில் தந்தத்தின் கூர்மை வராது. என் ஓட்டு எருமையின் கால் எலும்புக்குத்தான். உத்தரப் பிரதேசத்துச் சம்பலில் கொம்பு, எலும்பு வேலை பெரிய தொழில். சுத்தம் செய்து அறுத்த எலும்புத் துண்டாகவே வாங்கிவிட்டால் பாதி வேலை மிச்சம்.

கறிக்கடை எலும்புதான் கிடைக்கிறது என்றால் பொறுமை வேண்டும். இரு முனைகளையும் அறுத்து மஜ்ஜையைத் தள்ளிவிடுங்கள். பாத்திரம் கழுவும் சோப்புக் கரைசலில் இளஞ்சூட்டில் ஊறவிட்டு, மேலே எண்ணெய் மிதப்பது நிற்கும்வரை தண்ணீரை மாற்றுங்கள். தளதளவென்று கொதிக்கவிட்டால் கொழுப்பு உள்ளே இறங்கிவிடும். பதக்கம் விற்ற பிறகு மஞ்சள் திட்டாக வெளியே வரும். வெளுக்க, மருந்துக்கடையில் கிடைக்கும் 3 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடு போதும். பிளீச்சிங் பவுடர் எலும்பை அரித்துவிடும். நிழலில் காயவையுங்கள், வெயிலில் விரிசல் விடும்.

கால் எலும்பு குழாய்போல இருப்பதால் தடிமன் குறைவு. ஒரே துண்டில் முழுத் தாமரை எடுக்கப் பார்க்காமல், இதழ்களைத் தனித்தனியாகச் செதுக்கி வெள்ளியில் அடுக்குங்கள். எலும்பின் நீளவாக்கில் இதழின் நுனி அமையட்டும். குறுக்காக வெட்டிய நுனி பட்டென்று உடையும். அரம் போடும்போதும் துளையிடும்போதும் தண்ணீர் தொட்டுக்கொள்ளுங்கள். அந்தத் தூசி நுரையீரலுக்கு ஆகாது, நல்ல மாஸ்க் கட்டாயம். உப்புத்தாளை 220-ல் தொடங்கி 400, 600, 1000 என்று ஈரத்திலேயே ஏற்றிக்கொண்டு போங்கள். மெருகுக்கு வெள்ளை நிறப் பாலிஷ் மட்டும்தான். வெள்ளிக்குப் போடும் சிவப்புப் பாலிஷ் எலும்பின் நுண்துளைகளில் புகுந்து, மிளகாய்த்தூள் தூவியதுபோல் அப்படியே நின்றுவிடும். பழைய தந்தத்தின் மங்கல் நிறம் வேண்டுமென்றால், மெருகுக்கு முன்னால் சற்று நேரம் தேநீர் டிகாஷனில் போட்டு எடுங்கள்.

பொடி வைத்து ஊதி வெள்ளியைப் பற்றவைப்பது, திராவகத்தில் போடுவது எல்லாவற்றையும் எலும்பைப் பதிக்கும் முன்னரே முடித்துவிடுங்கள். திராவகம் எலும்பின் சுண்ணாம்பைக் கரைத்துவிடும்.

அப்புறம், பில்லில் ‘எருமை எலும்பு’ என்றே எழுதுங்கள். தாமரைப் பதக்கம் என்பதால், எலும்பைக் கழுத்தில் போட மாட்டேன் என்று வாடிக்கையாளர் சொல்லவும் கூடும். ஆகவே வேலையைத் தொடங்கும் முன்பே கேட்டுவிடுங்கள். வேண்டாம் என்றால் இருக்கவே இருக்கிறது டாகுவா. ஈக்குவடார், கொலம்பியா பக்கத்துப் பனை வகை ஒன்றின் கொட்டை அது. பிளாஸ்டிக் வருவதற்கு முன் சட்டைப் பொத்தான்களுக்கு ஏராளமாகப் பயன்பட்டது. வெள்ளைவெளேர் என்று, உளிக்கு அருமையாக இணங்கும். கோழி முட்டை அளவுதான் இருக்கும், நடுவில் பொந்தும் உண்டு. முதலில் பாதியாக அறுத்துப் பொந்து எங்கே இருக்கிறது என்று பார்த்த பிறகு படம் வரையுங்கள். எலும்புக்குச் சொன்ன தண்ணீர் வைத்தியம் இதற்கு ஆகாது, ஊறினால் உப்பிவிடும். உலர்வாகவே, சூடேறாமல் மெதுவாகத் தேயுங்கள். குளிக்கும்போது கழற்றி வைக்கச் சொல்லிக் கொடுங்கள்.