இ.இ.ஜி. பார்த்து மருந்து எழுதலாமா?

கேள்வி: என் எட்டு வயது மகனுக்கு ஏ.டி.எச்.டி. (கவனக்குறைவும் மிகைத்துடிப்பும்) இருப்பதாக டாக்டர் சொல்லிவிட்டார். மூளை அலைகளை அளந்து, அவனுக்கென்றே பொருந்தும் மருந்தைத் தேர்ந்தெடுத்துத் தருவதாக ஒரு மையத்தில் சொல்கிறார்கள். இ.இ.ஜி. எடுக்கலாமா?

பதில்: மருந்தைத் தேர்ந்தெடுப்பதற்காக மட்டும் என்றால் இப்போதைக்கு வேண்டாம்.

அவர்கள் காட்டப்போவது பெரும்பாலும் தீட்டா-பீட்டா விகிதமாக இருக்கும். விநாடிக்கு 4 முதல் 8 சுற்று வரும் மெதுவான தீட்டா அலையை, 13-க்கு மேல் ஓடும் வேகமான பீட்டா அலையால் வகுத்துக் கிடைக்கும் எண். இதை அளக்கும் ஒரு கருவிக்கு 2013-ல் அமெரிக்காவின் மருந்து, மருத்துவக் கருவிகளுக்கான கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. அனுமதி தந்தது உண்மைதான். ஆனால் அது 6 முதல் 17 வயதுப் பிள்ளைகளை மருத்துவர் மதிப்பிடும்போது துணைக்கு வைத்துக்கொள்ள. மருந்து தேர்வுக்கு அல்ல. மருத்துவ மதிப்பீட்டுக்குப் பதிலாக இந்த எண்ணை வைக்கக் கூடாது என்று 2016-ல் அமெரிக்க நரம்பியல் அகாடமியும் எச்சரித்தது.

எண் எளிதில் புரளும். முந்தின இரவு சரியாகத் தூங்காத பிள்ளை கண் சொக்கினால் தீட்டா ஏறும். பல்லைக் கடித்தால் தாடைத் தசையின் மின்சாரம் பீட்டாவாகப் பதிவாகி விகிதத்தை இறக்கிவிடும். ஓரிடத்தில் உட்கார முடியாத பிள்ளையை அசையாமல் உட்காரவைத்து எடுக்கவேண்டிய சோதனை இது!

அடுத்து, மூளை அலைகளைத் திரையில் காட்டி அவற்றை மாற்றப் பழக்கும் நியூரோஃபீட்பேக் பயிற்சியையும் சிபாரிசு செய்வார்கள். யாருக்கு உண்மைப் பயிற்சி, யாருக்குப் போலி என்பது இரு தரப்புக்கும் தெரியாதபடி நடத்தி 2021-ல் வெளியான இரட்டை மறைப்பு ஆய்வில், 38 அமர்வுகள் முடிந்தபோதும் இந்த விகிதத்தைக் குறைக்கும் பயிற்சி போலிப் பயிற்சியைவிட மேலாக இல்லை.

கேள்வி: அப்படியானால் அவனுக்கான மருந்தின் அளவை எப்படித்தான் கண்டுபிடிப்பது?

பதில்: குறைவாகத் தொடங்கி, பார்த்துப் பார்த்து ஏற்றித்தான். ஏ.டி.எச்.டி.க்குத் தரும் மெத்தில்பெனிடேட் மருந்தில் குறுகிய நேரம் வேலை செய்யும் வகை என்றால் வழக்கமாகக் காலை, மதியம் 5 மி.கி. வீதம் தொடங்கி, வாரத்துக்கு 5 முதல் 10 மி.கி. வரை டாக்டர் கூட்டுவார். நாளொன்றுக்கு உச்சம் 60. தொடங்கும் முன் உயரம், எடை, நாடித்துடிப்பு, ரத்த அழுத்தம் பார்த்து, குடும்பத்தில் இதயநோய் உண்டா என்றும் கேட்பார்.

ஒவ்வொரு வாரமும் வீட்டிலும் பள்ளியிலும் ஒரே மதிப்பீட்டுப் படிவத்தை நிரப்புங்கள். ஆசிரியரின் படிவத்தில் நேரமும் இருக்கட்டும். ஒருமுறை கொடுத்த மருந்தின் பலன் நீடிப்பது மூன்று, நான்கு மணி நேரம்தான். முதல் இரண்டு பாடவேளை நன்றாக இருந்து பதினோரு மணிக்கு மேல் கலைகிறான் என்றால், குறை அளவில் இல்லாமல் அடுத்த வேளையின் நேரத்தில் இருக்கலாம். பசியும் தூக்கமும் தனிப் பத்தியில் வரட்டும். குறட்டை விடுகிறானா? அதையும் சொல்லுங்கள், கெட்ட தூக்கமே கவனக்குறைவுபோலத் தெரியும்.

இ.இ.ஜி. உண்மையிலேயே தேவைப்படும் இடம் வேறு. பேச்சின் நடுவே சில விநாடிகள் உறைந்து, இமை படபடத்து, தொட்டாலும் திரும்பாமல், பிறகு ஒன்றும் நடக்காததுபோல் தொடர்கிறான் என்றால் அது வலிப்பின் ஒரு வகையாக இருக்கலாம். அதை செல்போனில் படம்பிடித்து நரம்பியல் மருத்துவரிடம் காட்டுங்கள்.