மழையில் ரயில் நின்றால் ஊர் எப்படி நகரும்? கேள்விகளும் பதில்களும்

பேருந்து நேர அட்டவணை போடும் பிரிவில் இருபது வருடத்துக்கு மேல் இருந்தவன். சென்னையில் மழைக்காலம் நெருங்கினாலே நண்பர்கள் என்னிடம் கேட்க ஆரம்பித்துவிடுவார்கள். இந்த முறை கேட்டவர்களுக்கு இங்கேயே பதில் சொல்கிறேன்.

வேளச்சேரியிலிருந்து: சார், மெட்ரோ மேலேதானே ஓடுகிறது, வெள்ளத்துக்கு ஏன் பயப்பட வேண்டும்?

ரயிலுக்குப் பயமில்லை, ரயிலடிக்குப் போய்ச் சேர வேண்டிய உங்களுக்குத்தான் பாடு. 2023 டிசம்பர் 4, மிக்ஜாம் புயல் அன்று மெட்ரோ ஓடியது, ஆனால் பரங்கிமலை நிலையத்து வாசலில் நான்கடித் தண்ணீர், ஆலந்தூருக்குப் போய் ஏறுங்கள் என்று அறிவித்தார்கள். அந்தத் தண்ணீரில் ஆலந்தூருக்கு எப்படிப் போவது? அதே நாளில் பேசின் பிரிட்ஜுக்கும் வியாசர்பாடிக்கும் நடுவில் ஒரே ஒரு பாலத்தில் வெள்ளம் உயர்ந்து, சென்ட்ரல் ரயில்கள் பலவும் ரத்தாயின. பாதை எத்தனை கிலோமீட்டர் இருந்தாலும் சரி, இந்த மாதிரி நாலைந்து கழுத்துப் பகுதிகள்தான், அதாவது அடைபட்டால் மொத்தப் பாதையையும் நிறுத்திவிடும் இடங்கள்தான், அதன் தலையெழுத்து. நிலையத்துக்குப் போகும் கடைசி அரைக் கிலோமீட்டர் சாலையையும் நான் அந்தக் கணக்கில்தான் சேர்ப்பேன்.

மயிலாப்பூரிலிருந்து: பறக்கும் ரயில் பீச் நிலையம் வரை போகாமல் அத்தனை மாதம் கிடந்ததே, பேருந்து விட்டால் சரியாகியிருக்காதா?

2023 ஆகஸ்ட் கடைசியிலிருந்து 2024 அக்டோபர் கடைசி வரை, எழும்பூர்–பீச் நாலாவது பாதை வேலைக்காகச் சிந்தாதிரிப்பேட்டையோடு நிறுத்தினார்கள். பேருந்து விடுவது பற்றி ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு மின்ரயிலுக்கு ஆயிரம் பேர் என்று குறைவாகவே வைப்போம், நிற்பவர்களையும் சேர்த்துப் பேருந்துக்கு 70 பேர், அப்படியென்றால் ஒரு ரயிலுக்குப் பதினைந்து வண்டி. பத்து நிமிடத்துக்கு ஒரு ரயில் என்றால் மணிக்கு 90 நடை, அதுவும் ஒரு திசைக்கு மட்டும்! இத்தனை வண்டி எங்கிருந்து வரும்? பணிமனையில் ஸ்பேர் வண்டி கொஞ்சம்தான் இருக்கும், அதனால் வேறு தடத்திலிருந்துதான் பிடுங்க வேண்டும், அங்கே நிற்கிறவர்கள் என்ன பாவம் செய்தார்கள்? டிரைவர், கண்டக்டரும் உபரியாக இருக்க மாட்டார்கள். கூடுதல் வண்டியும் ஆளும் வைத்திருப்பதை வீண்செலவு என்று தணிக்கையில் எழுதும்போதெல்லாம் எனக்குக் கோபம் வரும், மழை நாளில் அந்த வண்டிகளைத்தானே எல்லோரும் தேடுகிறார்கள்.

புரசைவாக்கத்திலிருந்து: சுரங்கத்துக்குள் தண்ணீர் புகுந்தால்?

நியூயார்க்கைப் பாருங்கள். 2012 அக்டோபர் 28 மாலையே, சாண்டி புயல் வருவதற்கு முந்தின நாள், சுரங்க ரயிலை நிறுத்திவிட்டார்கள். தாழ்வான இடத்தில் நின்ற ரயில்களை மேட்டுக்குக் கொண்டுபோனார்கள். மறுநாள் ராத்திரி கடல்நீர் ஆற்றடிச் சுரங்கங்களுக்குள் இறங்கியது. 2009இல்தான் திறந்த சவுத் ஃபெரி நிலையம் மூழ்கியது, அது மறுபடி திறக்க 2017 ஆகிவிட்டது, நடுவில் பக்கத்திலிருந்த பழைய நிலையத்தைத் தூசி தட்டித் திறந்து சமாளித்தார்கள். ஆனால் நவம்பர் 1ஆம் தேதியே ஊரின் ஒரு பகுதியில் ரயில் ஓடியது, ஆற்றைத் தாண்ட மட்டும் பேருந்து. முன்னாடியே நிறுத்தி ரயில்களைக் காப்பாற்றியிருக்காவிட்டால் இது நடந்திருக்காது. புயலுக்கு முன் சேவையை நிறுத்தினால் நம் ஊரில் திட்டுகிறோம், தயவுசெய்து திட்டாதீர்கள்.

சிங்கப்பூர் ஜூரோங்கிலிருந்து: அண்ணா, இங்கே மழையே இல்லாமல் ரயில் ஆறு நாள் நின்றதே?

2024 செப்டம்பர் 25. ஓடிக்கொண்டிருந்த பழைய ரயிலிலிருந்து ஒரு அச்சுப் பெட்டி (சக்கர அச்சின் முனையைத் தாங்கும் பாகம்) கழன்று விழுந்து, தண்டவாளத்தில் 34 இடங்களில் முறிவு. அக்டோபர் 1ஆம் தேதிதான் சரியானது. ஆனாலும் உங்களுக்கு இன்னொரு வழி இருந்தது, ஜூரோங் ஈஸ்டிலிருந்து வடக்கு–தெற்குப் பாதையில் சுற்றி, பீஷானில் வட்டப் பாதைக்கு மாறலாம். நேரம் அதிகம்தான், ஆனால் போய்ச் சேர்ந்துவிடலாம். நடுநகரத்துக்குள் போகாமல் பாதைகளைக் குறுக்கே இணைக்கும் இப்படி ஒரு கோடு ஒவ்வொரு ஊருக்கும் வேண்டும். சென்னையில் மாதவரம்–சோழிங்கநல்லூர் மெட்ரோவை நான் ஆவலோடு எதிர்பார்ப்பது அதனால்தான்.

தாம்பரத்திலிருந்து: பயணியாக நான் என்ன செய்ய முடியும்?

மழை இல்லாத ஒரு நாளில் வேறு வழியில் அலுவலகம் போய்ப் பாருங்கள். 2014 பிப்ரவரியில் லண்டன் சுரங்க ரயில் வேலைநிறுத்தத்தின்போது வேறு வழியில் போனவர்களில் ஏறக்குறைய இருபதில் ஒருவர், அப்புறமும் அந்தப் புது வழியிலேயே போனார்கள் என்று பயண அட்டைப் பதிவுகளை ஆராய்ந்தவர்கள் கண்டார்கள். தினமும் போகிற வழிதான் நல்ல வழி என்று நாம் சோதித்துப் பார்ப்பதே இல்லை. தடம் எண்களைத் தாளிலும் எழுதி வையுங்கள், 2015 டிசம்பரில் கைபேசியும் சேர்ந்தே செத்துப்போனது நினைவிருக்கும்.

பெரம்பூரிலிருந்து: அம்மாவுக்கு வாரம் மூன்று டயாலிசிஸ். வெள்ள நாளில் என்ன செய்வோம்?

ரயிலையும் பேருந்தையும் நம்பிக் காத்திருக்காதீர்கள். புயல் எச்சரிக்கை வந்ததுமே மருத்துவமனைக்குப் போன் போட்டு முறையை ஒரு நாள் முன்னால் மாற்ற முடியுமா என்று கேளுங்கள். மருத்துவமனைக்கு நடந்துபோகும் தூரத்தில் சொந்தக்காரர் யாராவது இருந்தால் முந்தின ராத்திரியே அங்கே போய்த் தங்கிவிடுங்கள்.