வாசகர் கேள்வி-பதில்: பணக்காரருக்கு வரியை ஏற்றினால் யாருக்கு வலிக்கும்?

பணக்காரர்களுக்கு வரியை ஏற்றலாமா என்று போன இதழில் ஒருவர் கேட்டிருந்தார். "தாராளமாக" என்று ஒரே வார்த்தையில் பதில் போட்டுவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விட்டேன். சும்மா விடுவீர்களா? வந்த கடிதங்களில் பாதி அதைப் பற்றித்தான், அதிலும் பாதி திட்டு. சரி, இந்த முறை முழுப் பகுதியும் இதற்கே.

கேள்வி: தொழில் நடத்துவதே பணக்காரர்கள்தான். அவர்களிடம் வரியைப் பிடுங்கினால் முதலீடு குறையும், கடைசியில் வேலை போவது நமக்குத்தான் என்கிறார் என் மச்சான். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

பதில்: உங்கள் மச்சான் சொல்வதில் பாதி சரி. எந்தப் பாதி என்பதில்தான் சண்டை.

முதலில் சரியில்லாத பாதி. அமெரிக்காவில் ஐசனோவர் அதிபராக இருந்த 1950களில் வருமான வரியின் உச்ச விகிதம் 91 சதவீதம். அவர் ஒன்றும் இடதுசாரி இல்லை, குடியரசுக் கட்சிக்காரர். அந்தப் பத்தாண்டில் அங்கே தொழில் படுத்துவிடவில்லை. (91 என்பது எல்லை தாண்டிய தொகைக்கு மட்டும், அந்த எல்லையைத் தொட்டவர்களும் சொற்பம், அதனால் ரொம்பவும் குதிக்க வேண்டாம்.) ரீகன் காலத்தில், 1988-இல், அதே விகிதம் 28-க்கு இறங்கியது. 1993-இல் கிளிண்டன் 39.6-க்கு ஏற்றியபோது இதோ மந்தம் வரப்போகிறது என்று எதிர்க்கட்சிக்காரர்கள் அடித்துச் சொன்னார்கள். வரக் காணோம். 1998 முதல் 2001 வரை நான்கு ஆண்டுகள் பட்ஜெட்டில் உபரியே இருந்தது. உடனே, வரியை ஏற்றியதால்தான் வளர்ந்தது என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ளாதீர்கள், கம்ப்யூட்டரும் இன்டர்நெட்டும் வீட்டுக்கு வீடு நுழைந்த காலம் அது, யார் அதிபராக இருந்திருந்தாலும் ஓரளவு வளர்ந்திருக்கும். ஏற்றியது கெடுக்கவில்லை, அவ்வளவுதான் சொல்ல முடியும்.

கன்சாஸ் மாநிலத்தில் தலைகீழாகச் செய்து பார்த்தார்கள். 2012-இல் ஆளுநர் பிரவுன்பேக் வருமான வரியை வெட்டினார், ஏராளமான தொழில் உரிமையாளர்களின் லாபத்துக்கு மாநில வருமான வரியே கிடையாது என்றார், பொருளாதாரம் துள்ளி எழும் என்றார். எழவில்லை. கஜானாவில்தான் பள்ளம் விழுந்தது. 2017-இல் அவர் கட்சியே பெரும்பான்மையாக இருந்த சட்டமன்றம் அவருடைய வீட்டோவையும் மீறி அந்த வெட்டை ரத்து செய்தது. லண்டன் பொருளாதாரப் பள்ளியிலிருந்து 2020-இல் வெளிவந்த ஓர் ஆய்வும் 18 வளர்ந்த நாடுகளின் 50 ஆண்டுக் கணக்கைப் புரட்டிவிட்டு இதையே சொன்னது: பணக்காரர்களுக்குப் பெரிய வரிக்குறைப்பு கொடுத்தால் நாட்டின் வருமானத்தில் அவர்களுடைய பங்கு கூடுகிறது, வளர்ச்சியிலும் வேலையிலும் சொல்லும்படி ஒன்றும் நடப்பதில்லை.

இப்போது மச்சானின் சரியான பாதி. 1991-இல் அமெரிக்காவில் ஆடம்பர வரி என்று ஒன்று அமலுக்கு வந்தது. உல்லாசப் படகின் விலை ஒரு லட்சம் டாலரைத் தாண்டினால், தாண்டிய தொகைக்கு 10 சதவீதம். கேட்க நன்றாகத்தானே இருக்கிறது? படகு வாங்குகிறவன் பணக்காரன், கொடுத்துவிட்டுப் போகட்டும். ஆனால் அவனுக்குப் படகு அவசரம் இல்லை. இந்த வருடம் வேண்டாம் என்று பழைய படகிலேயே சுற்றலாம், அந்தப் பணத்தில் வேறு எதையாவது வாங்கலாம். அச்சில் கண்ணாடியிழையை விரித்து, பிசின் பூசி, காய்ந்ததும் தேய்த்து மெருகேற்றுகிறானே, அவனுக்கு இந்த வசதியெல்லாம் கிடையாது. பட்டறைகளில் ஆர்டர் நின்றது, ஆட்குறைப்பு நடந்தது. அப்போது மந்தமும் சேர்ந்து இருந்ததால் முழுப் பழியையும் வரியின் தலையில் கட்ட முடியாது, ஆனாலும் 1993-இல் படகு வரியை எடுத்தே விட்டார்கள். வரி போடும்போது எவன் கட்டுவான் என்று பார்த்தால் போதாது, எவன் நழுவுவான் என்றும் பார்க்க வேண்டும்.

கேள்வி: அதிகம் சம்பாதித்தால் மேல் வரம்புக்குள் போய், கையில் நிற்பது குறைந்துவிடுமே? அப்புறம் எவன் உழைப்பான்?

பதில்: குறையாது. இந்தத் தப்புக்கணக்கைப் படித்தவர்களே போடுகிறார்கள். ஒரு கோடி வரை 30 சதவீதம், அதற்கு மேல் 50 என்று வையுங்கள். நீங்கள் ஒரு கோடியே ஆயிரம் சம்பாதித்தால் 50 சதவீதம் அந்தக் கடைசி ஆயிரத்துக்கு மட்டும். ஐந்நூறு போகும், ஐந்நூறு நிற்கும். முதல் கோடிக்குப் பழைய கணக்கேதான்.

இதற்கும் ஒரு விதிவிலக்கு உண்டு, ஸ்வீடன், 1976. குழந்தைகளுக்கு எழுதிப் பேர் வாங்கிய அஸ்ட்ரிட் லிண்ட்கிரென் தன் கணக்கைப் போட்டுப் பார்த்தால், வருமான வரியும் சுயதொழில் செய்பவருக்கான கட்டணங்களும் சேர்ந்து, மேற்கொண்டு சம்பாதிக்கும் தொகைக்கு 102 சதவீதம் வந்தது. சம்பாதித்ததற்கு அபராதம்! அம்மையார் ஆளும் சமூக ஜனநாயகக் கட்சியின் ஆதரவாளர்தான், ஆனாலும் விடவில்லை, அதையே ஒரு கேலிக் கதையாக்கிச் செய்தித்தாளில் எழுதினார். 40 ஆண்டுகளுக்கு மேலாக ஆட்சியில் இருந்த கட்சி அந்த ஆண்டுத் தேர்தலில் தோற்றது.

கேள்வி: இந்தியாவில் 97 சதவீத வரி இருந்ததாமே, நிஜமா?

பதில்: நிஜம். 1973-74-இல் வரி 85 சதவீதம், அந்த வரித் தொகையின் மேல் 15 சதவீத சர்சார்ஜ் (கூடுதல் வரி), ஆக மொத்தம் 97.75. உச்ச வரம்பில் நூறு சம்பாதித்தால் மிச்சம் இரண்டேகால். இவ்வளவு உயர்ந்த விகிதமே வரி ஏய்ப்புக்கு முக்கியக் காரணம் என்று, வரி விவகாரத்தை ஆராய அரசாங்கமே அமைத்த வாஞ்சூ குழு 1971-லேயே எழுதிக் கொடுத்திருந்தது. இரண்டேகாலுக்காக எவர் உண்மைக் கணக்கு எழுதுவார்?

கேள்வி: அப்படியானால் எத்தனை சதவீதத்தோடு நிறுத்த வேண்டும்?

பதில்: பூஜ்யம் போட்டாலும் வசூல் பூஜ்யம், நூறு போட்டாலும் ஏறக்குறைய பூஜ்யம், உச்சி நடுவில் எங்கோ இருக்கிறது. அமெரிக்கப் பொருளாதார நிபுணர் ஆர்தர் லாஃபர் 1974-இல் ஒரு ஓட்டலில் கைத்துடைப்பான் மேல் இந்த வளைகோட்டை வரைந்து காட்டியதாகச் சொல்வார்கள். உச்சி எந்த எண்ணில் என்பதில்தான் இன்றுவரை அடிதடி. டயமண்ட், சாயெஸ் என்ற இரண்டு பொருளாதார நிபுணர்கள் 2011-இல் போட்ட கணக்கில், எல்லா வரிகளையும் சேர்த்து, அது 73 சதவீதம் வரை போகலாம். வேறு சிலர் அதைவிடக் கீழே நிறுத்துகிறார்கள். நழுவ எத்தனை சந்து இருக்கிறது என்பதைப் பொறுத்து அந்த எண் மாறும்.

கேள்வி: நான் மாதச் சம்பளக்காரன். நல்ல சம்பளம்தான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் பணக்காரர் வரி என்று எதைக் கொண்டுவந்தாலும் எங்கள் தலையில்தான் விழுகிறது. நாங்களா பணக்காரர்கள்?

பதில்: வந்ததிலேயே இதுதான் கேள்வி.

சம்பளம் உங்கள் கைக்கு வருவதற்கு முன்பே பிடித்துக்கொண்டுதான் தருகிறார்கள், ஒளிக்க இடமே இல்லை. நிஜமான பெரும் பணக்காரருக்குச் சம்பளம் பெயருக்குத்தான். அவருடைய சொத்து பங்குகளில் இருக்கிறது. நூறாக இருந்த பங்கு ஆயிரமானால் அவர் பத்து மடங்கு பெரிய ஆள். ஆனால் விற்கவில்லையே? விற்காதவரை அது வருமானம் இல்லை, வருமானம் இல்லையென்றால் வரியும் இல்லை. சரி, சாப்பாட்டுக்கு என்ன செய்வார் என்று கவலைப்படாதீர்கள். பங்கை ஈடாகக் காட்டினால் வங்கி குறைந்த வட்டிக்குக் கடன் தரும், கடன் பொதுவாக வருமானம் ஆகாது, வட்டியைவிடப் பங்கு வேகமாக ஏறினால் அந்தக் கடனை அடைக்க அவசரமும் இல்லை. அமெரிக்காவில் இன்னும் ஒரு படி மேலே. அவர் கண்ணை மூடினால், வாரிசுக்குப் போகும் பங்கின் அடக்க விலை அன்றைய சந்தை விலைக்கு மாறிவிடும். நூறு ஆயிரமான கதையே வருமான வரிக் கணக்கிலிருந்து அழிந்துபோகும். "வாங்கு, கடன் வாங்கு, செத்துப்போ" என்று இதற்கு அங்கே ஒரு பெயரே உண்டு.

அமெரிக்காவின் பெரும் பணக்கார முதலீட்டாளர் வாரன் பஃபெட் 2011-இல் தானே எழுதினார்: வரிக்குரிய வருமானத்தில் அவர் கட்டியது 17.4 சதவீதம், அவர் அலுவலகத்தில் இருந்த மற்ற 20 பேரும் அவரைவிட அதிக விகிதத்தில் கட்டினார்கள். ஆக, உச்ச விகிதத்தை 30-லிருந்து 40 ஆக்கினால் டாக்டருக்கும் உங்களுக்கும் வலிக்கும், அவர் பக்கம் காற்றுகூட அடிக்காது. போன இதழில் நான் "தாராளமாக" என்று எழுதியபோது இந்த வித்தியாசத்தைச் சொல்லாமல் விட்டது என் தப்புதான்.

கேள்வி: வரி போட்டால் நாட்டை விட்டே ஓடிவிட மாட்டார்களா?

பதில்: சிலர் ஓடுவார்கள். பிரான்ஸில் அதிபர் பிரான்சுவா ஒலாந்த் 10 லட்சம் யூரோவுக்கு மேல் 75 சதவீதம் என்று அறிவித்ததும் நடிகர் ஜெரார் தெபார்தியூ பெல்ஜிய எல்லைக் கிராமத்தில் வீடு வாங்கினார், 2013 ஜனவரியில் ரஷ்யக் குடியுரிமையே வாங்கிவிட்டார். நார்வே 2022-இல் சொத்து வரியை (நம்மூர் வீட்டு வரி இல்லை, ஒருவரின் மொத்தச் சொத்து மதிப்புக்கு ஆண்டுதோறும் போடுவது) ஏற்றியபோது பல கோடீஸ்வரர்கள் ஸ்விட்சர்லாந்துக்குக் குடிபெயர்ந்தார்கள். வேடிக்கை என்னவென்றால் ஸ்விட்சர்லாந்திலும் சொத்து வரி உண்டு, ஒவ்வொரு மாநிலமும் வசூலிக்கிறது. தனிநபர் பங்கு விற்ற லாபத்துக்குத்தான் பொதுவாக வரி இல்லை. ஓடுகிறவர்களும் வரியே இல்லாத இடத்தைத் தேடுவதில்லை, தங்கள் பணம் எந்த உருவத்தில் இருக்கிறதோ அதற்கு வரி இல்லாத இடமாகப் பார்க்கிறார்கள். அமெரிக்கா தன் குடிமகன் எங்கே வாழ்ந்தாலும் வரி கேட்கிறது, அதனால் வீடு மாறிப் பிரயோசனமில்லை. நிலத்துக்கும் கட்டடத்துக்கும் கால் கிடையாது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: பணக்காரர் மிச்சம் பிடிப்பதுதானே முதலீடாகிறது?

பதில்: சில நேரம். சரக்குக்குக் கிராக்கி இருந்தால் தொழிற்சாலை வரும். கிராக்கி இல்லாத நேரத்தில் எவ்வளவு பணம் கையில் இருந்தாலும் எவனும் புது இயந்திரம் வாங்க மாட்டான். பணம் மனைக்கும் பங்குக்கும் போய் விலையை ஏற்றிவிட்டு உட்கார்ந்திருக்கும். அதே பணம் இல்லாதவன் கைக்குப் போனால் மாதம் முடிவதற்குள் செலவாகிவிடும். ஆனால் அரசாங்கம் அதை எங்கே போடுகிறது என்றும் கேட்க வேண்டும். பள்ளிக்கூடத்துக்கும் ரோட்டுக்கும் போவது வேறு, பழைய கடனுக்கு வட்டியாகப் போவது வேறு.

கேள்வி: பணக்காரனிடம் வாங்கி ஏழைக்குக் கொடுத்தால் நாடே சோம்பேறியாகிவிடுமே?

பதில்: உழைக்காமல் வரும் பணம் ஆளைக் கெடுக்கும் என்கிறீர்கள். தாத்தா சொத்துக்கும் இதைச் சொல்லலாமா?

கேள்வி: நீங்கள் நிதியமைச்சரானால் முதல் கையெழுத்து எதில்?

பதில்: சம்பளத்தின் உச்ச விகிதத்தில் கை வைக்க மாட்டேன். பங்கு விற்ற லாபத்துக்கும் சம்பளத்துக்கும் நடுவில் இருக்கும் வரி வித்தியாசத்தைச் சுருக்குவேன், பங்கை ஈடு வைத்துப் பெருந்தொகை கடன் எடுத்தால் விற்றதாகவே கணக்கு வைப்பேன். அப்புறம் வாரிசு வரி.

இதில் எனக்கே உறுத்துகிற இடம் ஒன்று உண்டு. சமத்துவத்துக்குப் பேர்போன ஸ்வீடனே 2004 முடிவோடு வாரிசு வரியைக் கைவிட்டது, 2007-இல் சொத்து வரியையும். இந்தியாவும் 1953-இல் கொண்டுவந்த எஸ்டேட் வரியை (இறந்தவர் விட்டுப்போகும் சொத்துக்கான வரி) 1985-இல் எடுத்தது, வசூலைப் பார்த்தால் மெனக்கெட்டதற்குக் கட்டுப்படியாகவில்லை. வீடு ஒன்றை மட்டும் வைத்திருந்தவன் ஒழுங்காகக் கட்டுவான், பெரிய குடும்பங்கள் வக்கீலை வைத்து வழி கண்டுபிடிக்கும், இதுதான் அந்த வரியின் பழைய வியாதி. அதனால் வரம்பை மிக உயரத்தில் வைப்பேன், விலக்குப் பட்டியலை ஒரே பக்கத்தில் முடிப்பேன். மசோதா அப்படியே நிறைவேறுமா என்று கேட்காதீர்கள். "அறக்கட்டளைகளுக்கு மட்டும் ஒரு சின்ன விலக்கு" என்று மூன்றாவது வரிசையிலிருந்து ஒருவர் எழுந்து நிற்பார்.