கேள்வி–பதில்: லாகின் சர்வர்கள் ஒன்றையொன்று காணாதபோது

இந்த இதழில், பல செயலிகளுக்கும் லாகினைக் கவனித்துக்கொள்ளும் மென்பொருளான கீக்ளோக் பற்றிய கேள்விகள் மட்டும். இரண்டு மூன்று நோட்களை (கீக்ளோக் ஓடும் சர்வர்களை) வைத்து, ஒன்று விழுந்தாலும் லாகின் நிற்காமல் ஓட வேண்டும் என்று முயல்பவர்களிடமிருந்து வந்தவை.

கேள்வி: கீக்ளோக்கின் பழைய பதிப்பை (24) கிளவுடில் இரண்டு எந்திரங்களில் நிறுவி, முன்னால் கோரிக்கைகளைப் பகிர்ந்தனுப்பும் லோட் பேலன்சர் வைத்திருக்கிறோம். சொந்த நெட்வொர்க்கில் சோதித்தபோது பிரச்சினையே இல்லை. கிளவுடுக்குப் போனதும் சிலருக்கு மட்டும் பாஸ்வேர்டு கொடுத்த பிறகு "பக்கம் காலாவதியாகிவிட்டது" என்று வருகிறது. ஸ்டிக்கி செஷன் போட்டதும் சரியாகிவிட்டது. அப்படியே விட்டுவிடலாமா?

விடாதீர்கள். பிரச்சினை தீரவில்லை, கண்ணுக்குத் தெரியாமல் போயிருக்கிறது, அவ்வளவுதான்.

பயனர் லாகின் பக்கத்தைத் திறந்ததும், அந்த முயற்சிக்கான தற்காலிகப் பதிவு நோட்டின் நினைவகத்தில், 'ஆத்தென்டிகேஷன் செஷன்ஸ்' என்ற கேச்சில் உட்காருகிறது. பாஸ்வேர்டு வந்து சேரும் நோட் வேறாக இருந்து, அதற்கு அந்தப் பதிவு எட்டவில்லை என்றால் காலாவதிச் செய்தி வரும். ஸ்டிக்கி செஷன் ஒரே பயனரை ஒரே நோட்டுக்கு அனுப்புவதால் இந்த அறிகுறி மட்டும் மறையும். மற்றவை தொடரும். நிர்வாகப் பக்கத்தில் ஒரு கிளையன்ட்டின் அமைப்பை மாற்றினால் ஒரு நோட் உடனே அறியும்; மற்றது தன் கேச்சில் இருக்கும் பழையதையே வைத்துப் பதில் சொல்லும். தவறான பாஸ்வேர்டு முயற்சிகளை ஒவ்வொரு நோட்டும் தனித்தனியாக எண்ணும். வரம்பு ஐந்து என்று வைத்திருந்தால் தாக்குபவருக்குப் பத்து கிடைக்கும். ஒரு நோட் விழுந்தால், அதில் லாகின் செய்திருந்த அத்தனை பேரும் வெளியே. அதிக-கிடைப்புக்காக இரண்டு எந்திரம் வாங்கியதே இதைத் தவிர்க்கத்தான்.

எதையும் மாற்றும் முன் லாக்கைப் பாருங்கள். 'ஐஎஸ்பிஎன்000094' என்று தேடினால் கிளஸ்டர் வியூ வரி கிடைக்கும்; கிளஸ்டர் என்பது ஒன்றாக இயங்கும் நோட்களின் கூட்டம். அதில் அடைப்புக்குறிக்குள் இருக்கும் எண்தான் உறுப்பினர் எண்ணிக்கை. அதற்குப் பின் வரும் பட்டியலில் முதலில் நிற்பது கோஆர்டினேட்டர், கூட்டத்தை ஒருங்கிணைக்கும் நோட். இரண்டு நோட்டிலும் எண் 1, ஒவ்வொன்றும் தன்னையே கோஆர்டினேட்டராகக் காட்டுகிறது என்றால் கிளஸ்டர் உருவாகவே இல்லை. வேறு எந்த அறிகுறியையும் விட இந்த ஒரு வரியை நம்புங்கள்.

காரணம் பெரும்பாலும் மல்டிகாஸ்ட், அதாவது ஒரே அழைப்பை நெட்வொர்க்கில் ஒரு குழுவுக்கே அனுப்பும் முறை. கீக்ளோக்கின் உள்ளே இன்ஃபினிஸ்பான் என்ற கேச் மென்பொருள் இருக்கிறது. அதன் அடியில் நோட்களை இணைப்பது ஜேகுரூப்ஸ். பழைய பதிப்புகளில் இயல்பான ஸ்டாக் (நோட்கள் ஒன்றையொன்று தேடிப் பேசும் அமைப்பு) யூடிபி மல்டிகாஸ்ட் மூலம் மற்ற நோட்களைத் தேடும். சொந்த நெட்வொர்க்கில் அது வேலை செய்யும். பெரிய கிளவுட்களின் தனி நெட்வொர்க்குகளில் மல்டிகாஸ்ட் இயல்பாகக் கிடையாது. கூப்பிடுகிற குரல் மற்ற நோட்டின் காதில் விழவே விழாது. பிழைச் செய்தியும் வராது.

26.1 முதல் இயல்பான ஸ்டாக் 'ஜேடிபிசி-பிங்'. நோட்கள் தங்கள் முகவரியை டேட்டாபேஸில் எழுதிவைத்து, அங்கேயே மற்றவர்களைத் தேடும். டேட்டாபேஸ் எப்படியும் எல்லா நோட்டுக்கும் பொதுவானது என்பதால் கிளவுடுக்கு இதைவிட எளிய வழி இல்லை. கூடவே, 26 முதல் பயனர் செஷன்களும் டேட்டாபேஸில் சேமிக்கப்படுகின்றன. நோட்கள் எல்லாம் விழுந்து எழுந்தாலும் லாகின் செய்தவர்கள் அப்படியே இருப்பார்கள். உங்கள் பதிப்புக்கு ஒட்டுப் போட்டுக்கொண்டிருப்பதை விட மேம்படுத்துவதே சரி. கிளஸ்டர் சரியான பிறகு ஸ்டிக்கி செஷனை எடுத்துவிட வேண்டாம். நோட்களுக்கிடையே போக்குவரத்தை அது குறைக்கும்.

கேள்வி: 26-இல் இருக்கிறோம், ஜேடிபிசி-பிங்தான். ஒவ்வொரு எந்திரத்திலும் டாக்கர் கன்டெய்னராக (தனி நெட்வொர்க்குடன் அடைபட்ட பொதியாக) ஓடுகிறது. டேபிளில் இரண்டு நோட்டின் வரிசையும் இருக்கிறது. ஆனாலும் இரு பக்கமும் வியூ 1 என்றே காட்டுகிறது. டேட்டாபேஸில் தெரிந்தால் இணைந்துவிட வேண்டாமா?

டேபிள் முகவரிப் புத்தகம் மட்டுமே. அதில் பெயர் இருப்பதால் வீட்டுக்குப் போக வழி இருக்கிறது என்று ஆகாது. முகவரியைப் படித்த பிறகு நோட்கள் நேரடியாக டிசிபியில் பேச வேண்டும். அங்கேதான் உங்களுக்கு அறுந்திருக்கிறது.

முதலில் 'ஜேகுரூப்ஸ்_பிங்' டேபிளில் ஐபி நெடுவரிசையைப் பாருங்கள். லாக்கில் 'ஐஎஸ்பிஎன்000079' வரியும் அதையே சொல்லும்: நோட் தன் முகவரி என்று எதை அறிவிக்கிறது என்பது அதில் இருக்கும். 172.17.0.2 போன்ற எண் இருந்தால் அது டாக்கர் பிரிட்ஜின் முகவரி. அந்த எந்திரத்துக்கு வெளியே அதற்குப் பொருளே இல்லை. இரண்டு எந்திரத்திலும் ஒரே 172.17.0.2 வருவதும் சகஜம். அப்போது ஒரு நோட் மற்றதை அழைப்பதாக நினைத்துத் தன்னையே அழைத்துக்கொண்டிருக்கும். 127.0.0.1 இருந்தாலும் இதே கதி.

கன்டெய்னரானால் எந்திரத்தின் உள்நெட்வொர்க் ஐபியை 'எக்ஸ்டர்னல் அட்ரஸ்' ஆகக் கொடுங்கள். 7800, 57800 இரண்டு போர்ட்டையும் அதே எண்ணில் வெளியே திறந்துவிடுங்கள். கன்டெய்னர் இல்லாமல் நேராக எந்திரத்தில் ஓடி, நெட்வொர்க் கார்டு ஒன்றுக்கு மேல் இருந்தால் 'பைண்ட் அட்ரஸ்' போதும். அதில் ஐபியை எழுதலாம். 'மேட்ச்-அட்ரஸ்' என்று தொடங்கி முகவரியின் முன்பகுதியையும் தரலாம். எந்திரங்கள் தானாகக் கூடிக் குறையும் இடத்தில் இரண்டாவதுதான் வசதி. பொது ஐபியை எங்கேயும் கொடுக்காதீர்கள். கிளஸ்டர் போக்குவரத்து இணையத்தில் இறங்க எந்தக் காரணமும் இல்லை.

முகவரி சரியாக இருந்தும் இணையவில்லை என்றால் ஃபயர்வால். ஒரு நோட்டிலிருந்து மற்றதன் 7800-ஐ 'என்சி' கருவியால் தட்டிப் பாருங்கள். "இணைப்பு மறுக்கப்பட்டது" என்று உடனே வந்தால் பெரும்பாலும் வழி திறந்திருக்கிறது, அந்த முகவரியில் யாரும் கேட்கவில்லை. பைண்ட் அட்ரஸுக்குத் திரும்புங்கள். பதிலே இல்லாமல் காத்துக்கொண்டே இருந்தால் செக்யூரிட்டி குரூப் (கிளவுடின் ஃபயர்வால் விதித் தொகுப்பு) பாக்கெட்டை விழுங்குகிறது. விதியை எழுதும்போது ஐபி பட்டியல் போடாமல், "இதே குரூப்பில் உள்ளவர்களிடமிருந்து" என்று போடுங்கள். இல்லையேல் புதிய நோட் வரும் ஒவ்வொரு முறையும் இதே கதை நடக்கும்.

57800-ஐப் பலர் விட்டுவிடுகிறார்கள். 7800-உடன் 50000-ஐக் கூட்டினால் வரும் போர்ட் அது. பக்கத்து நோட் உயிரோடு இருக்கிறதா என்று கவனிக்கும் இணைப்பு அதில்தான் ஓடுகிறது. 7800 மட்டும் திறந்திருந்தால் நோட்கள் சேரும், சற்று நேரத்தில் ஒன்றை மற்றொன்று இறந்ததாகச் சந்தேகித்துப் பிரியும், மறுபடி சேரும். வியூ எண்ணிக்கை 2, 1, 2 என்று ஆடுவதைப் பார்த்தால் முதலில் இந்தப் போர்ட்டைச் சோதியுங்கள். அது திறந்திருந்தும் ஆடினால், நோட்டுக்கு சிபியு போதாமல் திணறுகிறதா, பயன்படாத நினைவகத்தை விடுவிக்கும் குப்பை சேகரிப்பில் நீண்ட நேரம் உறைந்து நிற்கிறதா என்று பாருங்கள். உறைந்த நோட்டுக்கும் இறந்த நோட்டுக்கும் வெளியிலிருந்து வித்தியாசம் தெரியாது.

கேள்வி: குபர்நெட்டிஸில் (கன்டெய்னர்களை நிர்வகிக்கும் அமைப்பு) டிஎன்எஸ்-பிங் வைத்திருக்கிறோம். மூன்று பாட்களையும் (ஒவ்வொன்றும் ஒரு நோட்) ஒரே நேரத்தில் எழுப்பினால் முதலில் மூன்று தனிக் கிளஸ்டராகி, அரை நிமிடம் போல் கழித்து ஒன்றாகின்றன.

டிஎன்எஸ்-பிங் மற்ற பாட்களைத் தேடுவது ஹெட்லெஸ் சர்வீஸின் டிஎன்எஸ் பெயர் வழியாக. அந்தச் சர்வீஸ் இயல்பாகத் தயாரான பாட்களின் ஐபியை மட்டுமே டிஎன்எஸ்ஸில் தரும். எழும் நேரத்தில் எந்தப் பாட்டும் தயாராகவில்லை. தேடினால் யாரும் இல்லை. ஒவ்வொன்றும் தனியாகத் தொடங்குகிறது. பிறகு அவ்வப்போது நடக்கும் ஒன்றிணைப்புச் சோதனை அவற்றைக் கூட்டுகிறது. லாக்கில் 'ஐஎஸ்பிஎன்000093' வரி அதைத்தான் குறிக்கும். அந்த ஹெட்லெஸ் சர்வீஸில் 'பப்ளிஷ்நாட்ரெடிஅட்ரசஸ்' என்பதை 'ட்ரூ' ஆக்குங்கள். பயனர் போக்குவரத்துக்கான சர்வீஸ் தனியாக இருக்கட்டும். அதில் இதைத் தொடக் கூடாது. புதிய பதிப்பானால் ஜேடிபிசி-பிங்குக்கு மாறிவிடுவது இதையெல்லாம் மிச்சப்படுத்தும்.

கேள்வி: குவோரமுக்காக மூன்று நோட் கட்டாயமா?

இல்லை. கீக்ளோக் கிளஸ்டரில் பெரும்பான்மை வாக்கு என்பது இல்லை, இரண்டு போதும். மூன்று வைத்தால் ஒன்றைப் பராமரிப்புக்கு எடுக்கும்போதும் ஒரு விழுகையைத் தாங்கும். அதிகமாகக் கவலைப்பட வேண்டியது டேட்டாபேஸ் பற்றி. அது ஒன்றே ஒன்றாக இருந்தால் நோட்களைப் பெருக்கிப் பயனில்லை. இணைப்பு எண்ணிக்கையையும் கணக்கிடுங்கள்: ஒரு நோட் இயல்பாக 100 இணைப்பு வரை எடுக்கலாம், போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸின் இயல்பு வரம்பு மொத்தமே 100. நெரிசலில் இரண்டாவது நோட் இணைப்பு கிடைக்காமல் தவிக்கும்போது கிளஸ்டர் பழுது போலவே தோன்றும்.

கேள்வி: வியூ 2 என்று சரியாக இருக்கிறது. ஆனாலும் "குக்கீ கிடைக்கவில்லை" என்று வருகிறது.

அப்படியானால் கிளஸ்டரை விட்டுவிட்டு ப்ராக்ஸிக்கு, அதாவது முன்னால் நிற்கும் லோட் பேலன்சருக்குப் போங்கள். லோட் பேலன்சர் எச்டிடிபிஎஸ்ஸை முடித்துக்கொண்டு உள்ளே வெறும் எச்டிடிபியில் அனுப்பும்போது, வெளியே இருந்தது எச்டிடிபிஎஸ் என்று கீக்ளோக்குக்குச் சொல்லப்பட வேண்டும். 'ப்ராக்ஸி-ஹெடர்ஸ்' அமைப்பில் 'எக்ஸ்ஃபார்வர்டட்' கொடுங்கள். பயனர் அனுப்பும் அதே பெயருள்ள ஹெடர்களை லோட் பேலன்சர் அழித்துத் தன் மதிப்பை எழுதுகிறதா என்றும் உறுதிசெய்யுங்கள். அப்படியே உள்ளே விட்டால் எவரும் பொய் முகவரி காட்டலாம். நோட்களின் கடிகாரங்களும் ஒத்துப்போக வேண்டும்.

கேள்வி: உண்மைச் சர்வரின் டேட்டாபேஸ் பிரதியை எடுத்துச் சோதனைச் சர்வரை எழுப்பலாமா?

எழுப்பலாம், ஆனால் ஒன்றைச் செய்த பிறகு. பிரதியில் 'ஜேகுரூப்ஸ்_பிங்' டேபிளும் வரும். அதில் உண்மை நோட்களின் முகவரிகள் இருக்கும். சோதனை நோட் அவற்றைப் படித்து, வழி திறந்திருந்தால் உண்மைக் கிளஸ்டரிலேயே போய்ச் சேர்ந்துவிடும். இயல்பான கிளஸ்டர் பெயர் இரு பக்கமும் ஒன்றே. 26.2 முதல் நோட்களுக்கிடையே குறியாக்கம் தானாக இருந்தாலும் இங்கே அது தடுக்காது. அதற்கான சான்றிதழ் டேட்டாபேஸில்தான் இருக்கிறது, பிரதியோடு அதுவும் வந்துவிட்டது.

ஆகவே சோதனை நோட்டைத் தொடங்கும் முன் பிரதியில் உள்ள அந்த டேபிளைக் காலி செய்யுங்கள். நோட்கள் மீண்டும் எழும்போது தங்கள் வரிசைகளைத் தாமே எழுதிக்கொள்ளும். இரு நெட்வொர்க்குக்கும் இடையே 7800, 57800 இரண்டையும் மூடுங்கள். மூடிவிட்டு டேபிளை அப்படியே விட்டால் ஆபத்து இல்லை என்றாலும், எட்டாத முகவரிகளை ஒவ்வொன்றாக அழைத்துப் பார்த்துத் தொடக்கம் இழுக்கும். எழுந்த பிறகு உண்மைச் சர்வரின் லாக்கில் வியூ எண்ணிக்கை கூடவில்லை என்பதை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.