அம்புக்குறியை அணைத்தால் போதுமா?

வணக்கம் அண்ணா,

எல்டர் ஸ்க்ரோல்ஸ் என்ற கற்பனை உலக வீடியோ கேம் வரிசையின் தரம் இறங்கிக்கொண்டே போகிறது என்று எழுதியிருந்தீர்கள். அந்த வரிசையில் எனக்கு ஸ்கைரிம்தான் முதல் கேம். பனியன் கம்பெனியில் ஷிப்ட் முடிந்து வந்து இன்றும் அதைத்தான் விளையாடுகிறேன். முன்னால் வந்த மோரோவிண்டில் 27 திறன்கள், அடுத்து வந்த ஆப்ளிவியனில் 21, ஸ்கைரிமில் 18 என்று எண்ணிக் காட்டி ஆழம் போய்விட்டது என்கிறார்கள். எண்ணிக்கை குறைந்தால் ஆழம் குறைந்துவிடுமாங்க? போக வேண்டிய இடத்தைக் காட்டும் அம்புக்குறி (குவெஸ்ட் மார்க்கர்) பிடிக்காவிட்டால் அணைத்துவிட்டு விளையாடலாமே? சின்ன வயதில் விளையாடியது என்பதால்தான் பழையது உசத்தியாகத் தெரிகிறதோ?

க., திருப்பூர்

அன்புள்ள க.,

எண்ணிக்கை விஷயத்தில் நீங்கள் சொல்வதே சரி. 1996இல் மோரோவிண்டுக்கு முன்னால் வந்த டேகர்ஃபாலில் திறன்கள் இன்னும் அதிகம். ராட்சதர்களோடு பேச ஒன்று, ஹார்ப்பி என்ற பறவைப் பெண்களோடு பேச ஒன்று என்று மொழிகளே தனித்தனித் திறன்கள். பெரும்பாலும் எதற்கும் உதவாது. 2002இல் மோரோவிண்ட் அவற்றை வெட்டி எறிந்துவிட்டு, கணினி உருட்டிப் போட்ட மாபெரும் நிலப்பரப்பையும் கைவிட்டு, கையால் செதுக்கிய ஒரே தீவுக்குள் வந்தது. குறைத்ததால்தான் அது நல்ல கேம் ஆனது. பழசு என்பதற்காக நான் பரிந்து பேசவில்லை.

என் வருத்தம் வழி சொல்வதைப் பற்றியது. மோரோவிண்டின் தொடக்கத்தில் பால்மோரா ஊரில் ஒருவர் புதிர்ப்பெட்டி ஒன்றை எடுத்துவரச் சொல்வார். ஊரைவிட்டுத் தெற்கே இறங்கி, மூன்மாத் கோட்டையைத் தாண்டி, மறைந்துபோன ட்வெமர் இனத்தாரின் பழைய பாலத்தைப் பிடித்து, அக்கரையில் குழாயில் இருக்கும் கைப்பிடியைத் திருகினால் கதவு திறக்கும் என்பார். பெருந்துறைப் பக்கம் ஒரு தோட்டத்துக்கு வழி கேட்டால், “வாய்க்கால் பாலம் தாண்டுனதும் இட்டேரி பிரியுமுங்க, கிளுவை வேலிய ஒட்டியே மேக்கால போங்க” என்பார்களே, அந்த மாதிரி. கோட்டை கண்ணில் படும்போது சரியாகத்தான் வந்திருக்கிறோம் என்று தெரியும். பாலத்தைக் கண்டதும் ஒரு சந்தோஷம். உள்ளே போனால் பெட்டி உள்ளங்கை அளவுதான். அலமாரி அலமாரியாகத் தேட வேண்டும். சில குவெஸ்ட்களில் (கேமில் தரும் வேலைகளில்) சொன்ன வழியே தப்பாக இருந்ததும் உண்டு, அதை நான் மறைக்கவில்லை. ஆனால் விளையாடி முடித்தவனுக்கு அந்தத் தீவு மனப்பாடமாகியிருக்கும்.

2006இல் ஆப்ளிவியன் எல்லாப் பாத்திரங்களுக்கும் குரல் கொடுத்தது. பத்து வரி வழியை எழுத்தில் போடச் செலவில்லை. நடிகரை வைத்துப் பதிவு செய்வதென்றால் ஒவ்வொரு வரிக்கும் காசு. பேச்சு சுருங்கியது, வழி சொல்வது போயிற்று, அந்த இடத்தில் அம்புக்குறி வந்து உட்கார்ந்தது. அது வந்தபின் கோட்டையும் பாலமும் அடையாளமாக நிற்க வேண்டிய அவசியமே இல்லாமல் போய்விட்டது.

அணைத்துவிட்டு விளையாடலாமே என்கிறீர்கள். ஒருமுறை அணைத்துப் பாருங்கள். ஸ்கைரிமில் குகையின் பெயரைச் சொல்லி வரைபடத்தில் புள்ளி வைப்பார்கள். அங்கே எப்படிப் போவது என்று பெரும்பாலும் யாரும் வாய் திறப்பதில்லை. குவெஸ்ட் குறிப்பிலும் இருக்காது. அந்த வழிகளை எழுதிச் சேர்க்க ரசிகர்களே மாட் (கேமில் சேர்க்கும் மாற்றம்) செய்ய வேண்டியிருந்தது. உங்களுக்கு அணைக்கும் வசதி உண்டுதான். ஆனால் அணைத்தபின் விளையாடுவதற்கான கேமை அதை உருவாக்கியவர்கள் செய்து வைக்கவில்லை.

மற்றதும் இதே கதைதான். மோரோவிண்டில் மந்திரவாதிகள் சங்கத்தில் பதவி உயர வேண்டுமென்றால் மந்திரம் பழகியே தீர வேண்டும். ஸ்கைரிமின் வின்டர்ஹோல்ட் மந்திரக் கல்லூரியில் வாசலில் ஒரு மந்திரம் காட்டிவிட்டு, மிச்சத்துக்குப் பெரும்பாலும் வாளை வீசியே தலைமை மந்திரவாதி ஆகிவிடலாம்.

ஸ்கைரிம் 6 கோடிக்கு மேல் விற்றிருக்கிறது. அதன் பனிமலைகளும் இசையும் எனக்கும் பிடிக்கும். உங்கள் ராத்திரிகளை அது நிறைத்தது என்பதில் எனக்குச் சந்தோஷம்தான். இத்தனை பேர் கூடிய பிறகும் ஒரு பாத்திரம் வாய்விட்டு வழி சொன்னால் விளையாடுபவன் கண்டுபிடித்துக்கொள்வான் என்று அவர்கள் நம்பவில்லையே, அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

மோரோவிண்ட் சாதாரண லேப்டாப்பிலேயே ஓடும். வாங்கி, அதை ஓட்டுவதற்கென்றே ரசிகர்கள் செய்த ஓப்பன்எம்டபிள்யூ எஞ்சினில் போட்டுக்கொள்ளுங்கள். வழிகாட்டும் யூடியூப் வாக்த்ரூ பார்க்காமல் அந்தப் பெட்டியை மட்டும் எடுத்துவிட்டு எழுதுங்கள், மீதியைப் பேசலாம்.