அம்மாவின் காலைக் கரண்டி

வணக்கம் ஐயா. நான் செந்தூலில் இருக்கிறேன். அம்மாவுக்கு இனிப்புநீர். வாட்சாப்பில் வந்ததை நம்பி, ஓராண்டாகத் தினமும் காலையில் ஒரு தேக்கரண்டி பட்டைத்தூளைச் சுடுநீரில் கலக்கிக் குடிக்கிறார். பட்டை கல்லீரலைக் கெடுக்கும் என்கிறார்களே, உண்மையா? சமையலிலும் நிறுத்திவிடவா?

அன்புள்ள சகோதரிக்கு,

சமையலில் நிறுத்த வேண்டாம். காலைக் கரண்டியை மட்டும் நிறுத்துங்கள்.

பட்டையின் மணமும் காரமும் சின்னமால்டிகைடு என்ற பொருள் தருவது. 1834-இலேயே பிரித்தெடுத்துவிட்டார்கள். நீங்கள் கேள்விப்பட்டது பட்டையில் இயற்கையாகவே இருக்கும் வேறொரு பொருளை, கூமரின் என்பதை. சிலருடைய கல்லீரலுக்கு அது ஒத்துக்கொள்வதில்லை. நிறுத்தினால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

எல்லாப் பட்டையிலும் அது ஒரே அளவில் இருப்பதில்லை. நேற்று பினாங்குக் கடைத்தெருவில் இரண்டு வகையும் வாங்கிவந்து மேசையில் வைத்துப் பார்த்தேன். இந்தோனேசியப் பட்டை தடித்த ஒரே சுருள். உடைக்க அம்மிக்கல் வேண்டியிருந்தது. இலங்கைக் கருவாப்பட்டை காகிதம்போல் மெல்லிய பல அடுக்குகள், சுருட்டு மாதிரி ஒன்றுக்குள் ஒன்று. விரலால் அழுத்தினாலே நொறுங்கியது. இதில் கூமரின் மிகமிகக் குறைவு. தடித்ததில் ஏராளம். நம் ஊரில் மலிவாகக் கிடைப்பது பெரும்பாலும் தடித்ததுதான். தூளாக்கிவிட்டால் எது எதுவென்று கண்ணுக்குத் தெரியாது, என் கவலையே அதுதான்.

கணக்கைப் பாருங்கள். உடல் எடையில் ஒரு கிலோவுக்கு ஒரு நாளைக்கு 0.1 மில்லிகிராம் கூமரின் வரை போகலாம் என்கிறது ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம். 60 கிலோ உள்ளவருக்கு 6 மில்லிகிராம். தடித்த பட்டைத்தூள் 2 கிராமிலேயே அவ்வளவு இருக்கக்கூடும். தேக்கரண்டி நிரம்ப எடுத்தால் 2 கிராமைத் தாண்டும். ஒருநாள் இருநாள் தாண்டினால் ஒன்றுமில்லை. ஓராண்டு என்பது அப்படியல்ல. குழம்பில் போடும் துண்டை நாம் எடுத்துப் போட்டுவிடுகிறோம், தூளையோ முழுவதும் விழுங்குகிறோம்.

இன்னொன்று. இரத்தம் உறையாமலிருக்கத் தரும் வார்ஃபரின் மாத்திரையும் கூமரினும் ஒன்றென்று பலர் குழப்பிக்கொள்கிறார்கள். ஒரே குடும்பம்தான், ஆனால் கூமரின் இரத்தத்தை இளக்காது. கூமரின் உள்ள உலர்ந்த தீவனப்புல் பூஞ்சை பிடித்து, அது டைகூமரால் என்ற, இரத்தத்தை உறையவிடாத பொருளாக மாறியபோதுதான் மாடுகளுக்கு இரத்தக்கசிவு வந்தது.

சர்க்கரைக்குப் பட்டை உதவுமா என்பதில் ஆய்வுகள் ஒத்துப்போகவில்லை. மாத்திரையை அம்மா ஒருநாளும் விட்டுவிடக் கூடாது. அடுத்த முறை கிளினிக்குக்குப் போகும்போது அந்தத் தூள் டப்பாவையும் கையோடு கொண்டுபோங்கள். ஓராண்டாகக் குடிப்பதைச் சொல்லி, கல்லீரலுக்கும் இரத்தம் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள்.

அன்புடன்.